வரித்தலை வாத்து நிஜமாகவே எவரெஸ்டுக்கு மேலே பறக்குமா? (ஒப்பீட்டு விலங்கு உடலியலில் பி.எச்டி செய்ய ஆசை)

#1 தாமிரபரணிக்காரி

வணக்கம். எம்.எஸ்சி விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், திருநெல்வேலிப் பக்கம். போன வாரம் வகுப்போடு கூந்தன்குளம் போயிருந்தோம். இருப்பது ஒரே பைனாகுலர், பதினெட்டுப் பேர். என் முறை வந்தபோது நடுத்தண்ணீரில் வரித்தலை வாத்துக் கூட்டம், சாம்பல் உடம்பு, வெள்ளைத் தலையின் பின்பக்கம் இரண்டு கறுப்புக் கோடு. கூட வந்தவர் "இது இமயமலையைத் தாண்டி வருதும்மா, எவரெஸ்டுக்கு மேலேயே பறக்கும்" என்றார்.

திரும்பி வந்து எங்கள் பேராசிரியரிடம் எப்படி சார் என்று கேட்டேன். "ஹீமோகுளோபின்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்குத் தூக்கம் வரவில்லை. ஹீமோகுளோபின் மட்டும்தான் காரணம் என்றால் மூச்சு, இதயம், தசை எல்லாம் சும்மாவா இருக்கும்? இந்த மாதிரிக் கேள்விகளை வைத்துத்தான் பி.எச்டி செய்ய வேண்டும் என்று இருக்கிறது. ஆனால் எங்கள் லேபில் இருக்கும் ஒரே ஆக்சிஜன் மீட்டர் பீரோவுக்குள் பூட்டித்தான் இருக்கும், ஆய்வுக்குழு வருகிற அன்று மட்டும் மேஜைக்கு வரும், பக்கத்தில் ஒரு ரோஜாப்பூவோடு. இந்த நிலையில் இதெல்லாம் ஆகிற காரியமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 கூழைக்கடா

கூந்தன்குளத்துக்கு இருபது வருடமாகப் போய்வருகிறேன். எவரெஸ்ட் கதையை நானே நூறு பேருக்காவது சொல்லியிருப்பேன், இப்போது நீ கேட்ட பிறகுதான் யார் அளந்தார்கள் என்று யோசிக்கிறேன்.

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கூந்தன்குளத்தில் ஊருக்குள்ளேயே, வீட்டு வாசல் மரங்களில் கூடு கட்டுவது மஞ்சள்மூக்கு நாரை. வரித்தலை இங்கே கூடு கட்டாது, குளிர்காலத்துக்கு மட்டும் வந்துபோகும். அதன் வீடு மங்கோலியா, திபெத், சீனாவின் சிங்காய் ஏரிப் பக்கம். மங்கோலியாவில் கழுத்துப்பட்டை மாட்டிவிட்ட வாத்துகளைக் கர்நாடக ஏரிகளில் பார்த்துப் படமெடுத்திருக்கிறார்கள். ஆக இமயமலையைத் தாண்டுகிறது என்பதில் சந்தேகமே இல்லை. எவ்வளவு உயரத்தில் என்பதுதான் கேள்வி.

இன்னொன்று. தமிழில் டக், கூஸ் இரண்டுக்கும் வாத்து என்றே சொல்லிவிடுகிறோம். இது கூஸ். கரையேறி மாடு மாதிரிப் புல் மேயும். வயலில் அதன் எச்சத்தைப் பார்த்தால் தெரியும், முழுக்கப் பச்சை நார்.

#3 ஹீமோகுமார்

உங்கள் பேராசிரியர் சொன்னது தப்பில்லை. வேகமாகச் சொல்லிவிட்டார், அவ்வளவுதான்.

வரித்தலை வாத்துக்கு நெருங்கிய சொந்தம் சமவெளியில் வாழும் சாம்பல் கூஸ். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின், ஆல்ஃபா, பீட்டா என்ற அமினோ அமிலச் சங்கிலிகளால் ஆனது. இரண்டின் ஹீமோகுளோபினும் கிட்டத்தட்ட ஒன்றே. விரல்விட்டு எண்ணும் அளவு அமினோ அமிலங்கள்தான் வேறு. அதில் முக்கியமானது ஆல்ஃபா சங்கிலியில் 119ஆம் இடம். சாம்பல் கூஸில் அங்கே புரோலின், இதில் அலனின். புரோலின் பக்கத்துப் பீட்டா சங்கிலியின் 55ஆம் இடத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். அலனின் சின்னது, எட்டாது, பிடி விட்டுப்போகிறது. அந்தப் பிடிதான் ஹீமோகுளோபினை ஆக்சிஜன் இல்லாத வடிவத்தில் இறுக்கி வைத்திருக்கும். பிடி தளர்ந்தால் ஆக்சிஜன் சீக்கிரம் வந்து உட்காரும், காற்று மெலிந்திருந்தாலும்.

இதை 1983இல் மாக்ஸ் பெருட்ஸ் கட்டமைப்பை மட்டும் வைத்து ஊகித்துச் சொன்னார். ஹீமோகுளோபினின் வடிவத்தைக் கண்டுபிடித்து நோபல் வாங்கினாரே, அவரேதான். 1991இல் மனித ஹீமோகுளோபினில் அதே ஒரு மாற்றத்தைச் செயற்கையாகச் செய்து பார்த்தார்கள். ஆக்சிஜன் ஈர்ப்பு ஏறிவிட்டது. ஒரே ஒரு எழுத்து மாறியதற்கு இவ்வளவு விளைவு! உயிர்வேதியியலில் இதைவிட அழகான கதை எனக்குத் தெரியாது.

#4 பனிக்காட்டான்

கனடாவில் ஒரு உடலியல் லேபில் போஸ்ட்டாக், அதாவது பி.எச்டி முடித்த பின் ஆய்வு வேலை. நான் வேலை செய்வது மீனில், வாத்தில் இல்லை, ஆனால் இந்தக் கட்டுரைகளை எங்கள் ஜர்னல் கிளப்பில் கிழித்துத் தோரணம் கட்டியிருக்கிறோம்.

முதலில் எவரெஸ்ட். இந்தியாவிலும் மங்கோலியாவிலும் வாத்துகளைப் பிடித்துச் சாட்டிலைட் டிரான்ஸ்மிட்டர் மாட்டி விட்டார்கள். லூசி ஹாக்ஸ், சார்லஸ் பிஷப் இவர்களெல்லாம் சேர்ந்த குழு, முடிவுகள் 2011இலும் 2013இலும் வந்தன. கிடைத்த அதிகபட்ச உயரம் 7,290 மீட்டர். அதுவும் அபூர்வம். பெரும்பாலான பதிவுகள் 5,500 மீட்டருக்குக் கீழேதான். எவரெஸ்ட் 8,849 மீட்டர். வாத்துகளுக்கு அதன் தலைக்கு மேலே போக வேண்டிய அவசியமே இல்லை, கணவாய் வழியாகப் போகின்றன. நாம் கொடைக்கானல் போகும்போது மலையுச்சி ஒவ்வொன்றையும் ஏறி இறங்கியா போகிறோம்?

அப்படியென்றால் சாதனையே இல்லையா? இருக்கிறது. கடல்மட்டத்துக்குப் பக்கத்திலிருந்து கிளம்பி நடுவில் நிற்காமல், ஏழெட்டு மணி நேரத்தில் 4,000, 6,000 மீட்டர் ஏறிவிடுகின்றன. மனிதன் அதைச் செய்தால் மலை நோயில் படுத்துவிடுவான். இன்னொரு விசித்திரம், மத்தியானம் மலைச்சரிவில் மேல்நோக்கி வீசும் காற்றைப் பிடித்துக்கொண்டு ஏறும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். பார்த்தால் இவை ராத்திரியிலும் விடியற்காலையிலும் ஏறுகின்றன. அப்போது காற்று குளிர்ந்து அடர்த்தியாக இருக்கும், இறக்கைக்குப் பிடிமானம் அதிகம், அமைதியாகவும் இருக்கும்.

பிறகு 2015இல் இன்னொரு வேலை. மங்கோலியாவில் வாத்து இறகுதிர்த்துப் பறக்க முடியாமல் இருக்கும் மாதத்தில் பிடித்து, வயிற்றுக்குள் சின்ன லாகர் (தானே பதிவுசெய்யும் கருவி) வைத்துத் தைத்து விட்டு, அடுத்த வருடம் அதே வாத்தைத் தேடிப் பிடித்து எடுத்தார்கள். இதயத்துடிப்பு, உடம்பின் அசைவு, காற்றழுத்தம், உள்வெப்பம் எல்லாம் பதிவாகியிருந்தது. அதில் தெரிந்தது, ஒருமுறை மேலே ஏறிவிட்டு அதே உயரத்தில் நேராகப் போவதில்லை, தரை இறங்கும் இடத்தில் தானும் இறங்கி, திரும்ப ஏறி, திரும்ப இறங்கிப் போகின்றன. கஷ்டப்பட்டு ஏறிய உயரத்தை யாராவது வீணாக்குவார்களா என்று தோன்றும். ஆனால் மெலிந்த காற்றில் இறக்கையை வேகமாக அடிக்க வேண்டும், அடிப்பு கொஞ்சம் கூடினாலே சக்திச் செலவு எகிறிவிடுகிறது. இறங்கி அடர்த்தியான காற்றில் பறந்துவிட்டு மறுபடி ஏறுவதுதான் அதற்கு மலிவு.

#5 சும்மாஒருத்தன்

எல்லாம் சரி பாஸ். வாத்து வயிற்றைக் கிழித்து மெஷின் வைத்து, அது ஏறி இறங்குகிறது என்று கண்டுபிடித்து, அதனால் யாருக்கு என்ன? நான் கோழித்தீவன வியாபாரம் பார்க்கிறேன். கோழிக்கு இப்படி ஒரு ஆராய்ச்சி செய்தாலாவது நாலு காசு வரும்.

#6 பனிக்காட்டான்

உங்களுக்குப் பதில் சொல்லத்தான் ஆசை, ஆனால் அதற்கு முன் விண்ட் டனல் கதையைச் சொல்லிவிடுகிறேன். இந்தத் துறையில் எனக்கு ரொம்பப் பிடித்த சோதனை அது.

லாகர் வைத்த வாத்து காட்டில் பறக்கும்போது எவ்வளவு ஆக்சிஜன் இழுக்கிறது என்று நேரடியாகத் தெரியாது, இதயத்துடிப்பை வைத்து ஊகிப்பதுதான். நேரடியாக அளக்க வேண்டுமென்றால் முகத்தில் மாஸ்க் மாட்ட வேண்டும். காட்டு வாத்து அதற்கு ஒத்துக்கொள்ளுமா? அதனால் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஜெசிகா மேயர் என்ன செய்தார் என்றால், முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகள் முதலில் தன் முகத்தைப் பார்க்கும்படி செய்தார். கூஸ் குஞ்சு முதலில் பார்ப்பதைத்தான் அம்மா என்று நம்பும். அவர் நடந்தால் பின்னால் நடக்கும். வளர்ந்த பிறகு அவர் ஸ்கூட்டரில் போக, வாத்து தோளுக்குப் பக்கத்தில் பறந்துவரும். இப்படிப் பழக்கித்தான் காற்றுச் சுரங்கத்துக்குள் கொண்டுபோனார்கள். எதிரே பெரிய விசிறி காற்றைத் தள்ளும், வாத்து இருந்த இடத்திலேயே பறக்கும், முகத்தில் மாஸ்க், முதுகில் ஒரு குட்டிப் பை, குழாய் வழியாகக் காற்று.

அந்தக் காற்றில் ஆக்சிஜனை 21 சதவீதத்திலிருந்து 10.5க்கும், அப்புறம் 7க்கும் குறைத்தார்கள். 7 என்பது ஏறக்குறைய 9,000 மீட்டர் உயரத்துக்குச் சமம், அதாவது எவரெஸ்ட் உச்சி. பறந்ததா? சில பறந்தன, கொஞ்ச நேரம். நாம் எதிர்பார்ப்பது இதயம் தாறுமாறாக அடிக்கும் என்று. அடிக்கவில்லை, துடிப்பு சாதாரணக் காற்றில் பறக்கும்போது இருந்த அளவிலேயே நின்றது. மாறாக, செலவிடும் ஆக்சிஜனே குறைந்துவிட்டது. வரவு குறைந்தால் கடன் வாங்காமல் செலவைச் சுருக்குகிற குடும்பம் மாதிரி. கூடவே சிரை ரத்தத்தின் வெப்பமும் இறங்கியது. ரத்தம் குளிர்ந்தால் ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். அது நுரையீரலில் ஏற்றிக்கொண்டு சூடான தசைக்குப் போனதும் இறக்கிவிடும். ஹீமோகுமார் சொன்ன மூலக்கூறு கதைக்கு மேலே இப்படி ஒரு அடுக்கு.

இந்த முடிவுகள் வெளியானது 2019 செப்டம்பரில். அந்த மாதம்தான் மேயர் ராக்கெட்டில் ஏறி விண்வெளி நிலையத்துக்குப் போனார். நடுவில் நாசா அவரை விண்வெளி வீரராக எடுத்துவிட்டது. அக்டோபர் 18 அன்று பெண்கள் மட்டுமே செய்த முதல் விண்வெளி நடையில் இருந்த இருவரில் ஒருவர் இவர். வாத்துக்கு மாஸ்க் மாட்டியவர் கடைசியில் தானே ஆக்சிஜன் குழாயோடு மிதந்தார்.

சும்மாஒருத்தன் அவர்களே, மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் நடப்பது திசுவுக்கு ஆக்சிஜன் போய்ச் சேராமைதான். ஆக்சிஜன் குறைந்தாலும் நொடித்துப்போகாத இதயம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வதில் மனிதனுக்கும் லாபம் இருக்கலாம். ஆனால் நிஜத்தைச் சொன்னால் நாங்கள் அதற்காகச் செய்வதில்லை, ஆய்வுப் பணம் கேட்கும் கிராண்ட் விண்ணப்பத்தில்தான் அப்படி எழுதுவோம்.

#7 சும்மாஒருத்தன்

கடைசி வரிக்கு ஒரு சல்யூட்.

#8 தாமிரபரணிக்காரி

பனிக்காட்டான் அண்ணா, ரொம்ப நன்றி, இரண்டு தடவை படித்தேன். இப்போது என் திட்டத்தைச் சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. கூந்தன்குளத்தில் வரித்தலையும் இருக்கிறது, நம்ம ஊர்ப் புள்ளிமூக்கு வாத்தும் இருக்கிறது. ஒன்று இமயமலையைத் தாண்டுவது, மற்றது தாண்டாதது. இரண்டிலும் ரத்தம் எடுத்து, இதயம், நுரையீரல் அளவு, தசை எல்லாம் ஒப்பிட்டால் எதெல்லாம் உயரத்துக்கான தகவமைப்பு என்று தெரிந்துவிடும் இல்லையா? இதையே சினாப்சிஸாக எழுதலாமா?

#9 வாத்தியார்58

சிரிக்கவில்லை அம்மா. முப்பத்துநான்கு வருடம் இந்தப் பாடத்தை நடத்தினேன், வருடத்துக்கு ஒரு பிள்ளையாவது இதே திட்டத்தோடு வரும்.

எதெல்லாம் தகவமைப்பு என்று அதில் தெரியாது. ஏன் என்று சொல்கிறேன். உன் தெருவில் எந்த இரண்டு வீட்டை எடுத்துக்கொண்டாலும் நூறு வித்தியாசம் இருக்கும். ஒரு வீட்டில் மாடி இருக்கிறது, அந்த வீட்டுப் பையன் டாக்டர். மாடி இருந்ததால் டாக்டர் ஆனான் என்பாயா? இரண்டு இனங்களும் அப்படித்தான். பிரிந்து பல லட்சம் வருடம் ஆகிவிட்டால் எதை அளந்தாலும் வித்தியாசம் வரும். அதில் எது உயரத்தால் வந்தது, எது புல் மேய்வதால் வந்தது, எது சும்மா வந்தது என்று இரண்டே இனங்களை வைத்துப் பிரிக்க முடியாது. 1994இல் தியோடர் கார்லண்டும் ஸ்டீபன் அடால்ஃபும் இதைத் தலைப்பிலேயே போட்டு உடைத்தார்கள், இரண்டு இன ஒப்பீட்டை ஏன் செய்யக் கூடாது என்று. அதற்கும் முன்னே, 1985இல், ஃபெல்சன்ஸ்டைன் இனங்களின் வம்சாவளியைக் கணக்கில் எடுக்காமல் ஒப்பிடக் கூடாது என்று வழியும் காட்டிவிட்டார். நீ சொல்வது அதைவிட மோசம், ஒன்று கூஸ், ஒன்று டக். ஒன்றுவிட்ட சொந்தம்கூடக் கிடையாது.

இதைவிடப் பெரிய தப்பை நாமெல்லாம் செய்கிறோம், பறவையை மனிதனோடு ஒப்பிடுகிறோம். 1968இல் ட்யூக் பல்கலைக்கழகத்தில் வான்ஸ் டக்கர் சிட்டுக்குருவியையும் எலியையும் 6,100 மீட்டருக்குச் சமமான மெலிந்த காற்றில் வைத்தார். எலி நகர முடியாமல் கிடந்தது. சிட்டுக்குருவி பறந்தது! நம் வீட்டு உத்தரத்தில் கூடு கட்டுமே, அதே குருவி. அது எந்த இமயமலையைத் தாண்டியது? பறவை நுரையீரலில் காற்று ஒரே திசையில் போகும். நம்முடையது மாதிரி உள்ளே போய் அதே வழியில் திரும்பாது. முன்னும் பின்னும் காற்றுப்பைகள், ஒரு மடக்குக் காற்று முழுதாக வெளியே வர இரண்டு மூச்சு ஆகும். இது எல்லாப் பறவைக்கும் உள்ளது. 1980இல் பிளாக், டென்னி இருவரும் வரித்தலையைப் பீக்கிங் வாத்தோடு வைத்துப் பார்த்தார்கள், அந்தக் குண்டு வாத்துகூட உட்கார்ந்த இடத்தில் எவரெஸ்ட் காற்றைத் தாக்குப்பிடித்தது. வரித்தலையின் தனித்திறமை என்று நாம் கொண்டாடுவதில் பாதிக்கு மேல் பறவைக் குலத்தின் பொதுச்சொத்து.

#10 ஹீமோகுமார்

சார், மரியாதையோடு மறுக்கிறேன். ஹீமோகுளோபின் விஷயத்தில் இரண்டு இன ஒப்பீடு இல்லை. தென்னமெரிக்காவில் ஆண்டிஸ் மலையில் ஒரு கூஸ் இருக்கிறது, பெயர்தான் கூஸ், வம்சம் வேறு கிளை. அதன் ஹீமோகுளோபினில் ஆல்ஃபா 119 மாறவில்லை. பீட்டா 55 மாறியிருக்கிறது! லியூசின் இருந்த இடத்தில் செரின். அதாவது அதே பிடி, இந்தப் பக்கத்திலிருந்து அவிழ்வதற்குப் பதில் அந்தப் பக்கத்திலிருந்து அவிழ்ந்திருக்கிறது. இரண்டு கண்டம், இரண்டு மலை, ஒரே முடிச்சு. இதைத் தற்செயல் என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

#11 வாத்தியார்58

நீ எனக்காகவே வாதாடுகிறாய் குமார். மூன்றாவதாக ஒரு பறவை, தனியாக மலையேறிய வம்சத்திலிருந்து வந்ததால்தான் உன் பேச்சுக்கு வலு வந்தது. அதைத்தான் நானும் சொல்கிறேன்.

ஆனால் அந்த ஆண்டிஸ் கூஸை வைத்தே இன்னொன்றும் பார்த்தார்கள், பனிக்காட்டான் சொல்லட்டும்.

#12 பனிக்காட்டான்

ஆமாம் சார், 2017இல் வந்தது. ஆக்சிஜனைக் குறைத்தால் வரித்தலை மூச்சை நன்றாகக் கூட்டுகிறது, ஆழமாக இழுக்கிறது. ஆண்டிஸ் கூஸ் மூச்சைப் பெரிதாகக் கூட்டுவதில்லை, உள்ளே வந்த காற்றிலிருந்தே அதிகம் உறிஞ்சிக்கொள்கிறது. ஹீமோகுளோபினில் ஒரே முடிச்சு அவிழ்ந்திருந்தாலும் மற்ற உறுப்புகள் வேறு வேறு வழியில் போயிருக்கின்றன. ஒன்று வருடத்தில் இரண்டு தடவை மலையைத் தாண்டிப் போவது, மற்றது தலைமுறை தலைமுறையாக மலையிலேயே குடியிருப்பது. வழிப்போக்கனுக்கும் ஊர்க்காரனுக்கும் உள்ள வித்தியாசம் என்று நான் நினைத்துக்கொள்வேன், ஆனால் அதுவும் இரண்டு இன ஒப்பீடுதான், சார் அடிப்பார்.

#13 கூழைக்கடா

நடுவில் ஒரு நடைமுறை விஷயம். தாமிரபரணி, சரணாலயத்துப் பறவையிலிருந்து ரத்தம் எடுக்க வேண்டுமென்றால் 1972 வனவிலங்குச் சட்டப்படி வனத்துறை அனுமதி வேண்டும், உங்கள் காலேஜ் எத்திக்ஸ் கமிட்டி ஒப்புதல் வேண்டும், அப்புறம் பிடிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். எம்.எஸ்சி முடிவதற்குள் கிடைக்காது. பைனாகுலரோடு வா, டீ வாங்கித் தருகிறேன்.

#14 தாமிரபரணிக்காரி

மனசு உடைந்துவிட்டது. சரி, வாத்தை விட்டுவிடுகிறேன். சார், அப்படியென்றால் எங்களை மாதிரி ஆக்சிஜன் மீட்டரைப் பூட்டி வைத்திருக்கும் இடத்திலிருந்து இந்தத் துறைக்குள் வரவே முடியாதா?

#15 வாத்தியார்58

யார் சொன்னது? டென்மார்க்கில் ஆகஸ்ட் க்ரோக் என்று ஒருவர், 1920இல் நோபல் வாங்கியவர். ஏராளமான கேள்விகளுக்கு, அதை வசதியாகப் படிக்க ஏற்ற ஒரு விலங்கு எங்காவது இருக்கும் என்று 1929இல் சொன்னார், இன்றும் அதை க்ரோக் கொள்கை என்பார்கள். எல்லோரும் அதை அதிசய விலங்கைத் தேடிப் போ என்று புரிந்துகொள்கிறார்கள். நான் திருப்பிப் போட்டுச் சொல்வேன், உன் வீட்டுக் கொல்லையில் இருக்கும் விலங்கு எந்தக் கேள்விக்கு ஏற்றது என்று பார்.

எங்கள் காலத்தில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இரண்டு பேர் அப்படித்தான் செய்தார்கள். எம்.கே.சந்திரசேகரன் ஜெர்மனியில் உடல் கடிகாரத்தைப் படித்துவிட்டு வந்தவர், இங்கே குகை வௌவாலைப் பிடித்துக்கொண்டார். வெளிச்சமே எட்டாத குகைக்குள் கூண்டில் அடைத்த வௌவாலுக்கு, வெளியே இருட்டிவிட்டது என்று எப்படித் தெரியும்? சுற்றியுள்ள மற்ற வௌவால்கள் கிளம்புவதையும் திரும்புவதையும் வைத்து அதன் கடிகாரம் ஒத்துப்போகிறது, கூட்டம் இல்லாமல் தனியாக வைத்தால் நேரம் நழுவிக்கொண்டே போகிறது. 1981இல் மாரிமுத்து முதலியவர்களோடு சேர்ந்து எழுதினார். இன்னொருவர் டி.ஜே.பாண்டியன். அவர் எடுத்துக்கொண்டது விரால்.

விரால் தண்ணீரிலேயே இருந்தாலும் செவுளை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாது, மேலே வந்து காற்றைக் குடித்தே ஆக வேண்டும், தடுத்தால் மூழ்கிச் செத்துப்போகும். மீன் மூழ்கிச் சாகுமா என்று கேட்காதே, சாகும். சரி, ஒவ்வொரு மூச்சுக்கும் மேலே வந்து கீழே போக வேண்டும் என்றால் அந்தப் போக்குவரத்துக்கு யார் காசு கொடுப்பது? தின்ற தீனிதான். பாண்டியனும் விவேகானந்தனும் எழுபதுகளில் விரால் குஞ்சுகளை வேறு வேறு ஆழத் தண்ணீரில் வளர்த்து எண்ணினார்கள். ஆழம் கூடக் கூட, தீனியில் பெரிய பங்கு நீந்தி ஏறுவதிலேயே போய்விடுகிறது, உடம்பாக மாறுவது குறைகிறது. இதற்கு என்ன கருவி வேண்டும்? தொட்டி, தராசு, கடிகாரம், பொறுமை. உன் வரித்தலை வாத்துக் கேள்வியும் இதுதானே அம்மா, ஆக்சிஜனுக்காக எவ்வளவு செலவழிக்கிறது என்பது. இது தண்ணீரில் ஏறி இறங்குகிறது.

#16 சும்மாஒருத்தன்

ஒரு நிமிடம் சார். என் மச்சான் தென்காசிப் பக்கம் விரால் பண்ணை வைத்திருக்கிறான். ஆழமாக வெட்டினால் மீன் அதிகம் விடலாம் என்று எட்டடி வெட்டியிருக்கிறான். அப்படியென்றால் தீனி வீணா?

#17 வாத்தியார்58

கோழித்தீவனக்காரர் முழித்துக்கொண்டார். அவசரப்பட்டு மண்ணைப் போட்டு மூடச் சொல்லிவிடாதீர்கள். அது சின்னத் தொட்டியில் குஞ்சுகளை வைத்துப் பார்த்தது. பண்ணைக் குளத்தில் மீன் எப்போதும் அடிமண்ணில்தான் படுத்திருக்கும் என்று சட்டம் இல்லை. கோடையில் ஆழமில்லாத தண்ணீர் கொதிக்கும், கொக்கு தூக்கும். உங்கள் மச்சான் ஒரு ஓரத்தில் வலையடைத்து இரண்டு ஆழத்தில் வளர்த்து எடை போட்டுப் பார்க்கட்டும்.

#18 தாமிரபரணிக்காரி

பதினொரு நாள் கழித்து வருகிறேன். எண்ணிவிட்டேன்!

ஆச்சி வீட்டுக் கொல்லையில் இரண்டு நீல டிரம். ஒன்றில் 20 செ.மீ. தண்ணீர், ஒன்றில் 80. சந்தையில் உயிரோடு இரண்டு விரால் வாங்கினேன், இரண்டும் ஏறக்குறைய ஒரே நீளம். முதல் நாள் ஒன்று துள்ளி வெளியே விழுந்து துளசி மாடத்துக்குப் பின்னால் கிடந்தது, ஆச்சிதான் பார்த்தார்கள், கழுவி விட்டோம், பிழைத்துக்கொண்டது. அப்புறம் டிரம் வாயில் கொசுவலை கட்டினேன், தண்ணீருக்கு மேலே நல்ல இடைவெளி விட்டு.

முதல் ஒரு மணி நேரம் ஒன்றுமே வரவில்லை. பயந்துபோய் எட்டி எட்டிப் பார்த்தேன். பிறகுதான் புரிந்தது, என் நிழல் தண்ணீரில் விழுந்தால் அது அடியிலேயே கிடக்கிறது. ஸ்டூலைச் சுவர் நிழலுக்குத் தள்ளிப்போட்டு அசையாமல் உட்கார்ந்த பிறகு வந்தது. சாய்வாக மெதுவாக ஏறி, மூக்கு நுனி மட்டும் தெரியும், "ப்ளக்" என்று ஒரு சத்தம், ஒரு குமிழி, திரும்பி ஒரே வீச்சில் கீழே. கண் சிமிட்டினால் தவறிவிடும்.

ஆழமில்லாத டிரம்மில் மணிக்கு சராசரியாக 14 தடவை, ஆழ டிரம்மில் 11. ஆழத்தில் இருப்பது தடவைகளைக் குறைத்துக்கொள்கிறது. ஆனாலும் ஏறி இறங்கும் தூரத்தைப் பெருக்கினால் அங்கே மணிக்கு 17.6 மீட்டர், இங்கே 5.6 மீட்டர்தான். சார், நோட்டில் இந்தப் பெருக்கலைப் போட்டபோது கை நடுங்கியது.

#19 வாத்தியார்58

நிழலைக் கண்டுபிடித்தாயே, அது ஒன்றே போதும். ஆனால் ஒரு டிரம்முக்கு ஒரு மீன். 11 தடவை வந்ததற்குக் காரணம் ஆழமா, இல்லை அந்த மீனே சோம்பேறியா? வரித்தலை, புள்ளிமூக்கு கதை மறுபடியும். மீன்களை மாற்றிப் போடு. இன்னும் நாலு மீன் வாங்கு.

#20 தாமிரபரணிக்காரி

நாலு மீனுக்கு இந்த மாதம் காசு இல்லை சார். இருக்கிற இரண்டையும் மாற்றிப் போட்டேன், இரண்டு நாள் பழக விட்டு இன்று எண்ணினேன். முதலில் ஆழத்தில் இருந்தது இப்போது ஆழமில்லாததில் 12. முதலில் ஆழமில்லாததில் இருந்தது இப்போது ஆழத்தில் 12. இரண்டும் ஒன்றாகிவிட்டது! சார் சொன்னது மாதிரி முதலில் ஆழத்தில் இருந்த மீன் கொஞ்சம் சோம்பேறிதான் போலிருக்கிறது. ஆனாலும் தூரக் கணக்கு நிற்கிறது, ஆழத்தில் 19.2 மீட்டர், இங்கே 4.8.

#21 பனிக்காட்டான்

பிரமாதம் தங்கச்சி. ஒரே ஒரு கேள்வி. மீன் குளிர் ரத்தப் பிராணி, தண்ணீர் சூடானால் ஆக்சிஜன் தேவையும் ஏறும். 20 செ.மீ. தண்ணீர் வெயிலில் சீக்கிரம் சூடாகும், 80 செ.மீ. மெதுவாக. இரண்டு டிரம்மிலும் வெப்பநிலை எவ்வளவு?

#22 தாமிரபரணிக்காரி

எழுதவில்லை அண்ணா.

#23 சும்மாஒருத்தன்

தெர்மாமீட்டர் நான் அனுப்புகிறேன் மேடம், கோழிக்குஞ்சு ஷெட்டுக்கு வாங்கியது இரண்டு சும்மா கிடக்கிறது. மச்சானும் எண்ண ஆரம்பித்திருக்கிறான், அவன் குளத்தில் நிழல் எங்கே விழுகிறது என்றே தெரியவில்லையாம்.